சிறு சொப்பு, கடும் மரம்: ஆப்பிரிக்க மரத்துண்டுகளைக் கடையும் முறை

அரிய மரத்தைக் கடைய ஆசைப்படுகிறவர் சிறிதாகக் கடையவேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு முடிவின் மேல்தான் நிற்கிறது. ஆப்பிரிக்கக் கருமரத்திலோ கருங்காலியிலோ பெரிய கிண்ணமும் தாம்பாளமும் கடைவதற்கு இனி நியாயமில்லை. ஆனால் வாத்தியக்காரரும் தளவாடக்காரரும் வெட்டி எடுத்ததுபோக மீந்த துண்டில், நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு குடமோ குங்குமச் சிமிழோ கடையலாம். அதற்காகப் புதிதாக ஒரு மரமும் சாயவேண்டியதில்லை. கடைசல்காரருக்கும் இதில் இழப்பு கிடையாது. இந்த மரங்களின் அழகு நெருக்கமான இழையில் இருக்கிறது. கையில் வைத்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கிற பொருளில்தான் அது முழுதாகத் தெரியும்.

ஆப்பிரிக்கக் கருமரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தாவரப் பெயர் டால்பெர்ஜியா மெலனோசைலான். நம் ஈட்டிக்கும் வட இந்தியச் சீசமுக்கும் பங்காளி. தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் வளர்வதைத்தான் கடைசல்காரர்கள் பெரிதும் நாடுகிறார்கள். தான்சானியாவில் இதை ம்பிங்கோ என்கிறார்கள். வெட்டும் பருவத்துக்கு வர எழுபது ஆண்டுக்கு மேலும் ஆகும். அப்படி வளர்ந்த அடிமரமும் நேராக இருக்காது. பள்ளமும் மேடுமாக, கோணலாக, உள்ளே வெடிப்போடு இருக்கும். கிளாரினெட், ஓபோ போன்ற வாத்தியங்களுக்குக் குறையில்லாத கட்டை வேண்டும். அதனால் அறுப்பு ஆலையில் ஒரு மரத்தின் பெரும்பகுதி கழிவாகவே ஒதுங்குகிறது. தான்சானியாவின் கில்வா வட்டாரத்தில் ஊர்க்காரர்களே காட்டை நிர்வகித்து, 2009இல் அதற்குப் பொறுப்பான வன நிர்வாகத்துக்கான எஃப்எஸ்சி சான்றும் பெற்றார்கள். கூடுமானவரை அப்படிச் சான்றுள்ள காட்டிலிருந்து வந்த மரத்தின் துண்டையே தேடுங்கள்.

கருங்காலியின் கதை இன்னும் வேதனையானது. அமெரிக்காவின் டெய்லர் கிட்டார் நிறுவனம் 2011இல் கேமரூன் தலைநகர் யாவுண்டேயில் ஒரு கருங்காலி ஆலையை வாங்கியது. காட்டில் மரம் வெட்டுகிறவர்களிடம் பேசியபோது ஒரு செய்தி தெரியவந்தது. உள்ளே முழுக் கறுப்பாக இருப்பது பத்தில் ஒரு மரம்தான். எது கறுப்பு என்பது வெட்டிச் சாய்த்த பிறகே தெரியும். சாம்பல் கோடும் பழுப்புத் திட்டும் இருந்தால் சந்தையில் விலை போகாது என்று அந்த மரங்களைக் காட்டிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அதன்பிறகு அந்த நிறுவனம் கோடு விழுந்த கருங்காலியையும் வாங்கித் தன் கிட்டார்களில் பயன்படுத்தத் தொடங்கியது. நீங்கள் வாங்கும்போதும் கோடு விழுந்த துண்டையே கேளுங்கள். விலை குறையும், கடைந்த குடத்தில் அந்தக் கோடு வளையம் வளையமாகச் சுற்றி வரும்போது முழுக் கறுப்பைவிட அழகாகவும் இருக்கும். முழுக் கறுப்பு என்று மலிவாக வருவதில் சாயம் ஏற்றியதும் கலந்திருக்கும். கருங்காலி மாலைக்குத் தமிழ்நாட்டில் கிராக்கி ஏறிய பிறகு இந்த ஏமாற்று நமக்குப் புதிதல்ல. ஒரு முனையை ரம்பத்தால் அறுத்து உள்நிறத்தைப் பாருங்கள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிற சோதனையை மட்டும் நம்பவேண்டாம். அசல் கருமரமும் ஸ்பிரிட்டில் கொஞ்சம் நிறம் விடும்.

முதலில் புளி

கையில் கிடைத்த முதல் கருமரத் துண்டிலேயே உளி வைக்காதீர்கள். நம் ஊரிலேயே ஓர் ஆப்பிரிக்கக் கடுமரம் இருக்கிறது. வெப்பமண்டல ஆப்பிரிக்காவில் பிறந்து, எந்தக் காலத்திலோ இங்கே வந்து, நம் குழம்பில் கலந்துவிட்ட புளியமரம்தான் அது. முற்றிய புளியின் நடுவில் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த வைரம் இருக்கும். இளமரத்தில் அது இருக்காது. வெளிறிய மஞ்சள் மரம் மட்டுமே. வைரம் பாய்ந்த புளியை உலக்கைக்கும் செக்குக்கும் கொட்டாப்புளிக்கும் நம்மவர்கள் எடுத்தது அதன் கடினத்துக்காகத்தான். உளியின் முனையை மழுக்குவது, சூடேறினால் வெடிப்பது, இழை குறுக்கும் நெடுக்குமாக ஓடி நாரைப் பிய்ப்பது என்று கருமரம் தரும் தொல்லைகளில் பாதியைப் புளியிலேயே பழகிவிடலாம். பாழான துண்டை அடுப்பில் போட்டாலும் மனம் பதறாது.

கொல்கத்தாவின் அலிப்பூரில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. வில்லியம் கேரி 1820இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் அலிப்பூர் சாலையில் இருக்கிறது. வெளிநாட்டு மரங்களை உயிரோடு பார்த்துப் பழக ஏற்ற இடம். கொஞ்ச தூரத்தில் பெல்வெடியர் மாளிகை வளாகத்தில் தேசிய நூலகம். கேம்பிள் எழுதி 1881இல் கல்கத்தாவில் அச்சான இந்திய மரங்கள் பற்றிய கையேட்டையும், பியர்சனும் பிரௌனும் 1932இல் இதே ஊரில் வெளியிட்ட இரு தொகுதி நூலையும் அங்கே கேட்டுப் பாருங்கள். கேம்பிள் பிறகு சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்தவர். மரத்தின் குறுக்குவெட்டை உருப்பெருக்கியில் பார்த்து இனம் காண்பதற்கு இந்தப் பழைய நூல்களை மிஞ்சியவை குறைவு.

2020 மே 20 அன்று அம்பன் புயல் அடித்தபோது கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. ஒவ்வொரு கோடைப் புயலிலும் சிலவாவது சாய்கின்றன. அப்படிச் சாய்ந்தவற்றில் கடைசலுக்கு ஏற்ற மரங்களும் உண்டு. ஆனால் எல்லா ஆப்பிரிக்க மரமும் கடுமரம் அல்ல. சிவந்த பூப் பூக்கும் ஆப்பிரிக்கத் துலிப் மரம் லேசானது, உளிக்கு முன்னால் பஞ்சாகப் பிய்யும். மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மொஹரும் அப்படித்தான். மன்னாரில் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் பருமன் மலைப்பைத் தரும். ஆனால் அதன் மரம் முழுக்க நீர் ஊறிய நார், சொப்புக்கு உதவாது. காயா என்கிற ஆப்பிரிக்க மகோகனி நன்றாகக் கடையும். நிழலுக்காக இந்தியாவில் பல இடங்களில் நட்டிருக்கிறார்கள். கொல்கத்தாத் தெருக்களில் மகோகனி என்று நிற்பவை பெரும்பாலும் அமெரிக்க இனம். அதை ஒட்டுக்கட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பயன்படும். சாய்ந்த மரமென்றாலும் அதற்கு உரியவர் உண்டு. மாநகராட்சியிடமோ வளாகத்தின் பொறுப்பாளரிடமோ கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டே எடுங்கள். நிற்கிற மரத்தை வெட்டுவதற்கு, மேற்கு வங்கத்தின் 2006ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

தாளில்லாத மரம் வேண்டாம்

டால்பெர்ஜியா பேரினம் ஏறக்குறைய முழுவதும் 2017 ஜனவரி 2 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஆகவே கருமரத் துண்டு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தால் ஏற்றுமதி நாட்டின் அனுமதித்தாள் கூடவே வரவேண்டும். புபிங்கா என்று விற்கும் கிபோர்ஷியா இனங்கள் மூன்றும் அதே நாளில் பட்டியலுக்கு வந்தன. ஆரஞ்சுச் சிவப்பில் கண்ணைப் பறிக்கும் ஆப்பிரிக்கப் படாக்கும், ஆப்பிரிக்காவில் வளர்ந்த காயாவும் 2023 பிப்ரவரியில் சேர்ந்தன. இந்தியாவில் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சைட்டிஸ் பட்டியல் அதன்மூலம் நம் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. பட்டியல் அவ்வப்போது மாறும். வாங்குவதற்கு முன் அன்றைய நிலையைப் பாருங்கள். இவை தவிர, எந்த மரத்துக்கும் பயிர்நலச் சான்றும் பூச்சி நீக்கச் சான்றும் வேண்டும். தபாலில் வெறும் துண்டாக வரவழைத்தால் சுங்கத்தில் நின்றுவிடும்.

ஒன்றிரண்டு துண்டு வேண்டுகிறவர் நேரடியாக இறக்குமதி செய்வது வீண் வேலை. முறையாக இறக்குமதி செய்த வணிகரிடம் பில்லோடு வாங்குங்கள். பில்லில் மரத்தின் தாவரப் பெயர் இருக்கவேண்டும். கொல்கத்தாவில் நிம்தலாவின் மரக்கடைகளில் அறுப்பு மிச்சம் கிடைக்கும். அங்கே தேக்கும் சாலமும்தான் மிகுதி; கிடைத்ததை இனம் காணத் தெரிந்திருக்கவேண்டும். இதைவிட நல்ல வழி ஒன்றுண்டு. மகாத்மா காந்தி சாலையில் கல்யாண ஊர்வலப் பேண்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழுதுபார்க்க முடியாமல் பிளந்துபோன பழைய கிளாரினெட் உண்டா என்று அங்கே விசாரித்துப் பாருங்கள். ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக இசையில் புகழ்பெறச் செய்த அந்த வாத்தியத்தின் நல்ல உருப்படிகளுக்குக் கருமரம்தான் உடல். எபோனைட்டில் செய்தவையும் உண்டு. உரசினால் கந்தக வாடை வரும். பிளந்த கிளாரினெட் நடுவில் துளையுள்ள குழாய் என்பதால் குடம் கடைய முடியாது. சிமிழின் மூடிக்கும் கழுத்து வளையத்துக்கும் அருமையாக உதவும். பல வருடம் காய்ந்த மரம் என்பதே அதன் பெரும் மதிப்பு. நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைகிறவர்கள் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா உத்தரங்களைத் தேடிப்போவதும் அதனால்தான்.

அலிப்பூர் காற்று

கொல்கத்தாவின் வெப்பம், ஈரப்பதம், மழை என்று செய்தித்தாளில் வருவதெல்லாம் அலிப்பூர் வானிலை நிலையத்தில் அளந்தவை. கடைசல்காரர் தினமும் பார்க்கவேண்டியது அதில் ஈரப்பதத்தை. மழைக்காலத்தில் காலை ஈரப்பதம் 90ஐத் தொடுவது சாதாரணம். பிப்ரவரி, மார்ச் பிற்பகல்களில் 50க்குப் பக்கத்தில் இறங்கும். மரம் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதமாக நிலைத்தால் மரத்தின் எடையில் ஈரம் ஏறக்குறைய 16 சதவீதத்தில் நிற்கும். காற்று 50க்கு வந்தால் மரம் 9 சதவீதத்துக்கு வரப் பார்க்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் மரம் வீங்குகிறது, சுருங்குகிறது. மெல்ல நடந்தால் தாங்கிக்கொள்ளும். திடீரென்று நடந்தால் வெளிப்பக்கம் சுருங்கி, உள்பக்கம் சுருங்காமல், நடுவே வெடிக்கும். கருங்காலி இதில் மிகவும் மோசம். மயிரிழை வெடிப்பு முதலில் கண்ணுக்கே தெரியாது, மெருகு போட்ட பிறகு வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும்.

அலிப்பூர் வீடுகளில் இதைவிடப் பெரிய ஆபத்து ஏசி அறை. ஆகஸ்டில் வராந்தாவில் வைத்துக் கடைந்து, ஈரத்தோடு ஏசி அறை அலமாரியில் வைத்தால், ஆகஸ்டிலிருந்து மார்ச்சுக்கு ஒரே இரவில் கொண்டுபோன கதைதான். பொருள் கடைசியில் எந்த அறையில் இருக்கப்போகிறதோ அந்த அறையிலேயே துண்டைச் சில வாரம் வைத்துப் பழக்குங்கள்.

வணிகரிடமிருந்து வரும் துண்டு பெரும்பாலும் நான்கு பக்கமும் இரு முனையும் மெழுகில் முக்கியதாக இருக்கும். அப்படியே விட்டால் வருடக்கணக்கில் உள்ளே ஈரம் அடைந்து கிடக்கும். நான்கு பக்கத்து மெழுகைச் சுரண்டிவிடுங்கள், இரு முனை மெழுகைத் தொடாதீர்கள். ஈரம் வேகமாக ஓடுவது இழையின் முனை வழியாகத்தான், அதை அடைத்தால் மற்றப் பக்கங்கள் வழியே மெல்லக் காயும். பிறகு சமையலறை டிஜிட்டல் தராசில் எடை போட்டு, தேதியோடு துண்டின் மேலேயே எழுதுங்கள். வாரம் ஒருமுறை போடுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்று, நாலைந்து வாரம் அசையாமல் இருந்தால் அந்த அறைக் காற்றோடு மரம் சமமாகிவிட்டது. ஈரமானி வாங்குகிறவர்கள் உண்டு. இவ்வளவு அடர்ந்த மரத்தில், அதற்கென்று திருத்திக்கொள்ளாத மலிவான கருவி சரியாகக் காட்டாது. தராசு பொய் சொல்லாது.

அவசரமாக வேண்டுமென்றால் இரு தடவையாகக் கடையலாம். முதலில் சுவர் எட்டு மில்லிமீட்டர் கனத்தில் நிற்கும்படி கரடாகக் குடைந்து, அதே மரத்தின் சீவலோடு தடித்த காகிதப் பையில் போட்டு மூடி வையுங்கள். மெல்லிய சுவர் என்பதால் சில வாரத்தில் காயும். காயும்போது நீள்வட்டமாகக் கோணும். இரண்டாம் கடைசலில் அதைச் சரிசெய்துகொள்ளலாம். வெயிலில் காயவைப்பது, அடுப்பருகே வைப்பது, அரிசிக்குள் புதைப்பது எதுவும் வேண்டாம்.

குடம் கடைதல்

நான்கு சென்டிமீட்டர் சதுரமும் ஆறு சென்டிமீட்டர் நீளமும் உள்ள கருமரத் துண்டு ஒன்றைக் கையில் எடுங்கள். அளவுக்குப் பொருந்தாத கனம் முதலில் உறுத்தும். தண்ணீரில் போட்டால் நேரே அடியில் போய் உட்காரும் மரம் இது. ஒரு மூலையில் விரல் நக அகலத்துக்கு இளமஞ்சள் ஓரம் இருந்தால் விட்டுவிடாதீர்கள், அதுதான் வெளிமரம். வைரத்தின் கருஊதாவுக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் விழும்படி வாயை அந்தப் பக்கம் திருப்பிவைத்தால், தங்க விளிம்பு வைத்த குடம்போல் வரும்.

துண்டிலேயே பிடி விட்டு சக்கில் மாட்டினால் ஒரு சென்டிமீட்டர் அரிய மரம் வீணாகும். அதற்குப் பதிலாக மகோகனியோ வேறு நல்ல மரமோ ஒரு கட்டையைச் சக்கில் இறுக்கி, முகத்தைச் சமமாகச் சீவி, கருமரத்தை அதில் ஒட்டுங்கள். கருமரத்தில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தை உப்புத்தாளில் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, உலர்ந்த உடனே கெட்டியான சூப்பர் குளூ போட்டு அழுத்துங்கள். அரைமணி கழித்து ஒட்டினால் உள்ளிருந்து மறுபடி எண்ணெய் கசிந்து பிடிப்புப் போய்விடும். முடிந்தவரை டெயில் ஸ்டாக்கை முட்டுக் கொடுத்தே வேலை செய்யுங்கள்.

சதுரம் உருண்டையாகும்வரை நிமிடத்துக்கு 1,500 சுற்று போதும். உருண்டையான பிறகு 2,500க்குக் கூட்டலாம். ஆறு மில்லிமீட்டர் அரைவட்ட உளி, அதிவேக எஃகில் செய்தது, தீட்டித் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். கருமரம் உளியை வேகமாக மழுக்கும். சீவல் சுருளாக வராமல் தூளாகக் கொட்ட ஆரம்பித்தால் உடனே நிறுத்தித் தீட்டவேண்டும். நன்றாகத் தீட்டிய உளியில் வரும் சுருள் பட்டு நூல்போல நீண்டு வரும். அந்தப் பரப்புக்கு உப்புத்தாளே தேவைப்படாத அளவுக்கு மெருகு இருக்கும்.

வெளி உருவத்தை முக்கால்வாசி முடித்துவிட்டு உள்ளே போங்கள். அடிப்பகுதியை மெலிதாக்காதீர்கள், குடையும்போது அதுதான் தாங்கும். எட்டு மில்லிமீட்டர் துரப்பணத்தால் நடுவில் துளையிடுங்கள். அடிக்கு நான்கு மில்லிமீட்டர் மேலே நிற்கவேண்டும். துரப்பணத்தில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். சில மில்லிமீட்டர் போனதும் வெளியே இழுத்துத் தூளைத் தட்டி, ஆறவிட்டு மறுபடி போங்கள். ஒரே மூச்சில் அழுத்தினால் துரப்பணம் சூடேறி, துளையின் அடியில் நட்சத்திரம்போல் வெடிப்பு விழும்.

குடைவதற்கு நுனி வளைந்த சிறிய சுரண்டி வேண்டும். பழைய அதிவேக எஃகுத் துரப்பணத்தின் தண்டையோ மூன்று மில்லிமீட்டர் கம்பியையோ வளைத்துத் தீட்டி, நீளமான மரப்பிடி போட்டு நீங்களே செய்துகொள்ளலாம். இழை நீளவாக்கில் இருப்பதால் நடுத்துளையிலிருந்து வெளிப்பக்கமாகச் சீவவேண்டும். தோளின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாது, கையும் காதும்தான் வழிகாட்டி. சுவர் மெலிய மெலிய உளி உரசும் ஒலி கீச்சென்று மேலேறும். குடத்துக்குள் தூள் அடைந்தால் உளி அதில் சிக்கிச் சுவரை உடைக்கும். அடிக்கடி நிறுத்தி, கவிழ்த்துத் தட்டுங்கள். கனம் பார்க்க சைக்கிள் ஆரக்கம்பி ஒன்றை வளைத்து, இரு நுனிக்கும் இடையே ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டுக்கொள்ளுங்கள். ஒரு நுனியை உள்ளே விட்டு இன்னொன்றை வெளிச்சுவருக்கு நேரே பிடித்தால் மிச்ச இடைவெளி சுவரின் கனத்தைச் சொல்லிவிடும். இரண்டு மில்லிமீட்டரில் நிறுத்துங்கள். ஒன்றரைக்குப் போகிறவர்களும் உண்டு. இந்த ஊர்க் காற்றில் அவ்வளவு மெலிதாகப் போவதை நான் விரும்புவதில்லை.

பிறகு வெளியே கழுத்தும் அடியும் முடித்து, வேகத்தை 600க்குக் குறைத்து உப்புத்தாள் போடுங்கள். 240இல் தொடங்கி 600 வரை போகலாம். விரலுக்குச் சூடு தெரிந்தால் மரத்துக்கு அதைவிட அதிகச் சூடு. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்தால் சூடும் குறையும், தூளும் பறக்காது. மஞ்சள் விளிம்பு வைத்த குடத்தில் மட்டும் எண்ணெய் வேண்டாம். கறுப்புத் தூள் எண்ணெயோடு கலந்து மஞ்சளில் ஏறிவிடும். அந்த விளிம்புக்கு முதலிலேயே மெல்லிய அரக்குக் கரைசல் பூசி இழையின் வாயை அடைத்துவிட்டு, காய்ந்த தாளால் தேய்க்கவேண்டும். படாக் மரத்தில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அதன் சிவப்புத் தூள் பட்டறையில் உள்ள எல்லா வெளிர் மரத்தையும் கறைப்படுத்தும். அந்தச் சிவப்பும் நிலைக்காது, வெளிச்சம் பட்டு நாளடைவில் பழுப்பாகிவிடும் என்பதை வாங்குகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியில் ஒட்டுக்கட்டையிலிருந்து அறுத்தெடுத்து, சாதுவான மரத்தில் ஒரு முளை கடைந்து, குடத்தின் வாயை அதில் இறுக்கமாகக் கவிழ்த்து மாட்டி அடிப்பகுதியைச் சீவி முடியுங்கள். அடி நடுவில் லேசாகக் குழிந்திருந்தால் ஆடாமல் நிற்கும்.

முகக்கவசம் பற்றி ஒரு வார்த்தை, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. டால்பெர்ஜியா, படாக் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் தரும். ஒருமுறை உடம்பு வெறுத்துவிட்டால் பிறகு சிறு தூளுக்கே கிளம்பிவிடும். வெங்கே என்கிற ஆப்பிரிக்க மரத்தின் சிராய் குத்தினால் சீழ் வைக்கும், உடனே எடுத்துக் கழுவுங்கள். என்95 முகக்கவசம், கண்ணாடி, முழுக்கை ஆடை, வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைப்பு. விளக்குமாற்றால் கூட்டினால் தூள் எல்லாம் மறுபடி மூக்குக்கே வரும்.

அரக்கும் மூடியும்

மெருகுக்கு நம் ஊர் முறையே மேல். அம்பாசமுத்திரத்துச் சொப்புக் கடைசல்காரர்கள் மஞ்சக்கடம்பு போன்ற வெளிர் மரத்தைக் கடைந்து, சுழலும்போதே வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகிப் படியும்; ஓலையால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். கன்னட நாட்டுச் சென்னப்பட்டணத்திலும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாகாவிலும் வெப்பாலை மரத்தில் இதே வேலை நடக்கிறது. அடுப்பும் பானையும் அம்மியும் ஆட்டுக்கல்லும் குடமுமாக அந்தச் சொப்புகளின் உருவங்கள் தலைமுறை தலைமுறையாகத் திருத்தம் பெற்றவை. குடத்தின் வயிறு எங்கே அகலவேண்டும், கழுத்து எவ்வளவு ஒடுங்கவேண்டும் என்பதை அவர்கள் பொருளைப் பார்த்துத்தான் கற்கவேண்டும். எந்த வரைபடமும் அதைச் சொல்லித்தராது. அம்பாசமுத்திரச் சொப்புப் பெட்டி ஒன்றை வாங்கிப் பட்டறையில் வையுங்கள்.

வண்ண அரக்கை மட்டும் ஆப்பிரிக்க மரத்துக்குப் போடாதீர்கள், மரத்தையே மறைத்துவிடும். வெள்ளை அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் தொட்டு, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தரம் போட்டு, மெதுவான சுற்றில் தேய்த்தால் போதும். கருமரத்துக்கு மெழுகு மட்டுமே போட்டாலும் நிறைவாக இருக்கும்.

குழந்தைகள் விளையாடும் சொப்பை இந்த மரங்களில் செய்யவேண்டாம். வாயில் வைக்கும் பொருளுக்குக் கடம்பும் வெப்பாலையும் இருக்கின்றன. கருமரமும் படாக்கும் அலமாரிக்கும் கொலுப்படிக்கும் உரியவை.

சிமிழுக்கு மூடி போடுகிறவர்கள் காற்றே புகாதபடி இறுக்கமாகப் பொருத்த ஆசைப்படுவார்கள். ஆகஸ்டில் அப்படிப் பொருத்திய மூடி பிப்ரவரியில் உடலோடு சேர்ந்து நீள்வட்டமாகச் சுருங்கி, ஒரு கோணத்தில் மட்டும் உட்காரும், மற்றக் கோணங்களில் சிக்கும். அதனால் மூடியையும் உடலையும் ஒரே துண்டில், ஒன்றன்மேல் ஒன்றாக எடுங்கள். இழை ஓடும் திசை பொருந்தும். மூடியின் உள்விளிம்பைத் தொட்டால் விழும் அளவுக்குத் தளர்வாக விடுங்கள். சேரவேண்டிய கோணத்தைக் காட்டச் சிறு புள்ளி ஒன்றை உள்ளே வையுங்கள்.

அடியில் மரத்தின் பெயரையும் ஆண்டையும் சூட்டுக்கோலால் பொறித்துவிடுங்கள். வாங்கிய பில்லின் நகலை ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டுக் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும் உறவினருக்கு ஒரு கருமரக் குடம் அனுப்ப நேரும். முடிந்த பொருளாக இருந்து, ஒரு அனுப்புதலில் அந்த இனத்து மரத்தின் எடை பத்துக் கிலோவுக்குள் இருந்தால் டால்பெர்ஜியாவுக்கு சைட்டிஸ் விலக்கு உண்டு. 2019 முதல் அந்த விதி இருக்கிறது. படாக்குக்கும் காயாவுக்கும் விதி வேறு. எந்த மரம் என்று நிரூபிக்கும் தாள் உங்களிடம் இருந்தால்தான் எந்த விலக்கையும் கேட்க முடியும்.